மெட்டில்டாவின் இடது தோள்

மெட்டில்டாவுக்குப் பயத்தைக் கொண்டுவந்தவள் முகம் தெரியாத ஓர் அமெரிக்காக்காரி. அதிலும் செத்துப்போனவள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பேகம்பேட்டில், விமானம் இறங்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடக்கும் ஒரு கட்டடத்தில் மெட்டில்டாவுக்கு வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், கண்டதையெல்லாம் போனில் சொல்லி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் குரல் இங்கே வந்து சேரும். காதில் ஹெட்போன், காலடியில் குரலை நிறுத்தவும் திருப்பவும் ஒரு பெடல், விரலடியில் கீபோர்டு. கேட்டதைக் கேட்டபடி அடித்து அனுப்ப வேண்டும். ஊரே சாஃப்ட்வேர், சாஃப்ட்வேர் என்று தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், இங்கிலீஷும் டைப்பும் மட்டும் தெரிந்த செகந்திராபாத் பெண்களுக்கு வாய்த்த உத்தியோகம் இது.

அன்றைக்கு வந்த குரல் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. நாற்பத்தாறு வயதுப் பெண். பன்னிரண்டு வருஷமாக முடக்குவாதம். சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. இடது தோள் வலிக்கிறது என்று அவசரப் பிரிவுக்கு வந்தாள். மூட்டு வலிதான் என்று முடிவு கட்டி ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை வீட்டில் இறந்து கிடந்தாள். மாரடைப்பு. இவ்வளவையும் அந்த டாக்டர் நடுவில் ஒரு கொட்டாவியோடு சொல்லி முடித்தார். மெட்டில்டா கொட்டாவி நீங்கலாக மற்றதையெல்லாம் அடித்தாள். ஒரு பிழை கிடையாது. அடித்து முடித்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அவளுக்கும் நாற்பத்தாறு வயது. அவளுக்கும் பன்னிரண்டு வருஷம்.

அவளுடைய அப்பா நாசரேத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்டவர். மெட்டில்டா பிறந்தது, படித்தது, டைப்பில் ஹையர் பாஸ் செய்தது, பாடகர் குழுவில் டெனார் பாடிக்கொண்டிருந்த ஜெயகரனைக் கல்யாணம் செய்தது எல்லாம் இங்கேதான். ஜெயகரன் ரயில்வேயில் கிளார்க். ஒரே மகள் மரியா, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். அவளிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். மரியாவுக்கு ஏழு வயதானபோதுதான் மெட்டில்டாவின் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில் கை, மடக்கிய குடை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். ஐந்து மணிக்கே எழுந்து சுடுதண்ணீர் வாளிக்குள் இரண்டு கையையும் விட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால்தான் விரல் மடங்கும். கடைசியில் மூன்று விரல்கள் ஒத்துழைக்க மறுத்துவிட, மீதி ஏழு விரல்களாலேயே டைப் அடித்தாள். அந்த ஏழு விரலில் அவள் அடித்த வேகத்துக்குப் பத்து விரல்காரிகள் திணறினார்கள். வலி அதிகமானால் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள். சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கும் மூட்டு டாக்டரிடம் அதைக் கேட்பதெல்லாம் கிடையாது.

ஆனால் வலியோடு வாழக் கற்றுக்கொண்டவளுக்குப் பயத்தோடு வாழத் தெரியவில்லை. அதுவும் இது வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம். வேலையில் சேர்ந்த அன்றே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்: எந்த நோயாளியைப் பற்றியும் வெளியே மூச்சு விடக் கூடாது. மற்ற பெண்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு, லஞ்சில் ஊர்ப்பட்ட அமெரிக்கர்களின் மூலமும் பௌத்திரமும் பேசிச் சிரிப்பார்கள். மெட்டில்டா சிரிக்க மாட்டாள். கையெழுத்து என்றால் அவளுக்குக் கையெழுத்துதான். செத்தவள் யாரென்று யாருக்கும் தெரியப்போவதில்லை, ஏழு கடலுக்கு அப்பால் இருந்தவள், புருஷனிடம் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? சொல்ல மாட்டாள். அப்படி ஒரு பிடிவாதம், அப்படி ஒரு நேர்மை. இரண்டும் சேர்ந்து அவளைக் கொல்லப் பார்த்தன.

ஹப்சிகுடாவில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போய், பக்கத்து நாற்காலியில் இருந்த கல்லூரிப் பையன்கள் பார்த்துவிடாதபடி திரையை மறைத்துக்கொண்டு படித்தாள். முடக்குவாதக்காரர்களை மூட்டு கொல்வதில்லை, பெரும்பாலும் இதயம்தான் கொல்கிறது என்று போட்டிருந்தது. அதற்கு மேல் படிக்கத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நாடியைப் பிடித்துப் பார்த்தாள். வீங்கிய விரலுக்கு எது நாடி, எது தன் நடுக்கம் என்று தெரியவில்லை.

அவள் வீடு போவன்பள்ளியில், காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. பிப்ரவரி முழுக்க இரண்டாம் மாடி வரை ஏறியதும் இடது தோளில் ஒரு கனம் வந்து உட்காரும். தாடை வரை இழுக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றால் போய்விடும். மூட்டுதான், வேறென்ன, பன்னிரண்டு வருஷமாக இல்லாததா என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொள்வாள். அந்த அமெரிக்காக்காரியும் இப்படித்தானே சொல்லிக்கொண்டிருப்பாள்?

"கைக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கே? ஆபீஸ்ல ஆளக் குறைக்கிறாங்களா?" என்று ஜெயகரன் கேட்டார். ஏன் என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று அந்த ஊர் உருது அவர்கள் தமிழில் கலந்திருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப முட்டியா? வலி மாத்திரை போட்டியா?"

"ஹவ், போட்டேன்."

பேச்சு அதோடு முடிந்தது. ஜெயகரன் நல்ல மனுஷன், ஆனால் நோய் நொடி என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்த் துவைத்த துணியை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

மார்ச்சில் மூட்டு டாக்டரைப் பார்க்கும் முறை வந்தது. டாக்டர் ரோகிணி சென்னைக்காரர், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வரிசையில் நூறு பேர் நின்றாலும் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்ப்பார். அன்றைக்கு விரல்களைப் பார்த்துவிட்டு, "ஒரு டெஸ்ட் இருக்கு. உங்கள மாதிரி இருக்கறவங்களுக்கு ரத்தக் குழாய் எப்படி இருக்குன்னு பாக்கறோம். வலிக்காது. பண்ணிடலாமா?" என்று கேட்டார். மெட்டில்டா வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், தலை தன்பாட்டுக்கு ஆடிவிட்டது.

கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை சுற்றினார்கள். பட்டைகள் ஒன்றாக இறுகின. யாரோ நாலு பேர் கையையும் காலையும் பிடித்து அமுக்குவது போல இருந்தது. சரியாகப் பத்து நிமிஷம். அதற்குள் தான் செத்து, அடக்கம் முடிந்து, ஜெயகரன் தனியாகச் சோறு வடிப்பது வரைக்கும் அவள் பார்த்து முடித்துவிட்டாள்.

டாக்டர் ரோகிணி காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "இந்த வியாதி மூட்டோட நிக்காதும்மா. மூட்டுல வீங்கறது கண்ணுக்குத் தெரியுது. அதே அழற்சி ரத்தக் குழாயிலயும் இருக்கும், அது தெரியாது. குழாய் நெகிழ்ந்து குடுத்தாதான் ஹார்ட்டுக்கு வேலை சுலபம். விறைச்சுப் போச்சுன்னா நாடியோட அலை வேகமா ஓடும். உங்க வயசுக்கு நொடிக்குப் பன்னெண்டு, பதிமூணு மீட்டர் ஓடணும். உங்களுக்குப் பதினேழு ஓடுது."

"அப்படின்னா?"

"அறுபத்தஞ்சு வயசுக்காரங்க குழாய் மாதிரி இருக்கு."

மொட்டை மாடியில் வெயிலில் கிடந்து காய்ந்த ரப்பர் குழாய், வளைத்தால் வெடிக்குமே, அது மெட்டில்டாவின் கண்முன் வந்து நின்றது. "செத்துருவேனா டாக்டர்?" என்று கேட்டேவிட்டாள்.

"பயப்படாதீங்க. முன்னாடியே தெரிஞ்சா பாத்துக்கலாம். கடையில வாங்கிப் போடற வலி மாத்திரைய இன்னையோட நிறுத்துங்க, அது ஹார்ட்டுக்கு ஆகாது. மூட்டு மருந்த மாத்தித் தரேன், அழற்சி அடங்கணும். கொலஸ்ட்ராலுக்கு ஒண்ணு எழுதறேன். பிரஷரப் பாத்துக்கணும்." டாக்டர் பேனாவைத் திறந்தார். "இப்ப சொல்லுங்க. நெஞ்சுல வலி, அழுத்தம் ஏதாவது?"

"இல்ல."

"படி ஏறினா மூச்சு வாங்குதா? தோள், தாடை, கைக்கு வலி பரவுதா?"

"இல்ல டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னாள்? அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோளாறும் இல்லாத நோயாளி என்றால், டாக்டர் 'எல்லாம் நார்மல்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். இவர்கள் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் போதும்: நெஞ்சு வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, படபடப்பு இல்லை என்று ஒரு பத்தி முழுக்கத் தானாக வந்து விழும். ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தக் கட்டையை அழுத்தியவள் அவள். கேள்வி வந்ததும் நாக்கு அந்தப் பத்தியை ஒப்பித்துவிட்டது. பாதி பழக்கம் என்றால் மீதி பயம். ஆமாம் என்று சொன்னால் அது உண்மையாகிவிடும். சொல்லாதவரைக்கும் மூட்டு வலி, சொல்லிவிட்டால் நெஞ்சு வலி.

படித்தவள், விவரம் தெரிந்தவள், உலகத்து நோயெல்லாம் விரல் வழியே ஓடியவள், டாக்டர் எதிரே உட்கார்ந்து பொய் சொல்லிவிட்டு வந்தாள். நினைத்தால், இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

வீட்டுக்கு வந்து, புது மருந்துச் சீட்டை ஜெயகரனிடம் நீட்டினாள். "மாத்திரைய மாத்திருக்காங்க" என்றாள். குழாய் விஷயத்தைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டாம் மாடியில் இரண்டு நிமிஷம் என்பது நாலு நிமிஷமாயிற்று.

ஏப்ரல் பதினான்கு, புனித வெள்ளி. கோயிலில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் ஏழு பிரசங்கம். ஊரே வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை, வெறும் வயிறு. மூன்று மணிக்கு ஆராதனை முடிந்து கஞ்சி குடிக்கும்வரை தண்ணீர்கூடப் பல்லில் படாது. நடுவில் யாரும் எழுந்து போவதில்லை. கைக்குழந்தைக்காரிகூட உட்கார்ந்த இடத்திலேயே சமாளித்துக்கொள்வாள். எழுந்து போனால் மறு புனித வெள்ளி வரைக்கும் அதுதான் பேச்சு.

ஜெயகரன் முன்னால் பாடகர் குழுவில் நின்றார். மரியா தோழிகளோடு மேல்தளத்தில். மெட்டில்டா பெண்கள் பக்கம் ஏழாவது வரிசையில், சுவரோரம். நான்காம் வார்த்தைக்குப் பேச எழுந்தவர் வெளியூர்ப் போதகர், கடிகாரம் பார்க்கும் பழக்கம் இல்லாதவர். அவர் வாயைத் திறந்த ஐந்தாவது நிமிஷம் தோள் வலி வந்தது.

இம்முறை படி ஏறவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தது. தோளிலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து முழங்கைக்கு. இரண்டு நிமிஷம் போயிற்று, நான்கு நிமிஷம் போயிற்று, வலி போகவில்லை. நெஞ்சின் மேல் மாவாட்டும் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி அழுத்தியது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க, கழுத்திலிருந்து வேர்வை முதுகுக்குள் இறங்கியது. கை சில்லிட்டது.

இதுதான் அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தையையும் அவள் அடித்திருக்கிறாள். தெரிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பிரசங்கம் முடியட்டும், பாட்டு வரட்டும், பாட்டு நடுவே எழுந்தால் அவ்வளவாகத் தெரியாது என்று உட்கார்ந்திருந்தாள். உயிர் போகிற நேரத்தில் மரியாதை பார்த்தாள்! போதகர் மூன்றாவது உதாரணத்துக்குப் போனார். மெட்டில்டா முன்வரிசைக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெறும் மூட்டு வலியாக இருந்தால் ஊர் சிரிக்கும். இல்லாவிட்டால்? மரியாவின் கல்யாணம், ஜெயகரனின் தனிச் சோறு, சவப்பெட்டியில் மடக்க முடியாத தன் விரல்கள். போதகர் நாலாவது உதாரணத்துக்கு வாயெடுத்தபோது மெட்டில்டா எழுந்தாள்.

வாசல் பின்னால் இருந்தது. அவள் முன்னால் நடந்தாள். முந்நூறு வெள்ளைச் சேலையும் சட்டையும் திரும்பிப் பார்க்க, பிரசங்கம் பாதியில் நிற்க, நேராகப் பாடகர் குழுவுக்குள் போய் ஜெயகரனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"என்னாச்சு? முட்டியா?" என்றார் அவர் கிசுகிசுப்பாக.

"நெஞ்சு" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாடகர் குழுவில் ஒருவர் காரை எடுத்தார். மேல்தளத்திலிருந்து ஓடிவந்த மரியா, "மம்மீ, ஏமைந்தி? ஏமைந்தி?" என்று, என்னாச்சு என்பதைத் தெலுங்கில் கேட்டுக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிஷம். பண்டிகை விடுமுறை, அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர் மட்டும் இருந்தார். அவர் முதலில் பார்த்தது மெட்டில்டாவின் கோணிய விரல்களைத்தான்.

"ஆர்த்ரைடிஸா? ஷோல்டர் பெயின்தானே? ஃபாஸ்டிங் வேற. ஒரு பெயின் இன்ஜெக்ஷன் போட்டா சரியாயிடும்" என்றார் இங்கிலீஷும் ஹிந்தியுமாக. நர்ஸ் ஊசியை எடுக்கத் திரும்பினாள்.

மெட்டில்டாவுக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் அந்தப் பயத்துக்குள்ளிருந்தே எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. படுத்தபடியே இங்கிலீஷில், ஒரு திணறல் இல்லாமல், டாக்டர்கள் போனில் சொல்வார்களே அந்த ராகத்தில் ஆரம்பித்தாள். நாற்பத்தாறு வயதுப் பெண், கமா, பன்னிரண்டு வருஷ முடக்குவாதம், கமா, இரண்டு மாதமாகப் படி ஏறினால் இடது தோளிலும் தாடையிலும் வலி, ஃபுல்ஸ்டாப். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, ஃபுல்ஸ்டாப். இன்று உட்கார்ந்திருக்கும்போதே வலி, வேர்வை, முக்கால் மணி நேரமாக நிற்கவில்லை, ஃபுல்ஸ்டாப். ரத்தக் குழாய் விறைத்திருக்கிறது என்று சோதனையில் வந்திருக்கிறது. ஊசி நக்கோ, வேண்டாம். ஈசிஜி எடுங்கள். எடுக்காமல் இந்தக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்.

ஜெயகரன் கட்டிலோரம் சிலையாக நின்றார். சோதனையா? இது எதையும் அவள் வாயால் அவர் கேட்டதில்லை.

இளம் டாக்டர் முகம் சிவந்தார். ஆனாலும் நல்ல பிள்ளை, ரோஷம் பார்க்கவில்லை. ஈசிஜி எடுக்கச் சொன்னார். மெஷினிலிருந்து காகிதம் நகர்ந்து வெளியே வந்தது. அதில் ஒரு சாண் நீளம் பார்த்ததும் அவர் மெட்டில்டாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஓடினார். டாக்டர் ஓடுவதைப் பார்ப்பதைவிடப் பெரிய பயம் நோயாளிக்கு வேறில்லை. மரியா அழ ஆரம்பித்தாள்.

இதயத்தின் பெரிய குழாய் ஒன்று தொண்ணூற்றைந்து சதவீதம் அடைத்திருந்தது. அன்றைக்கே ஸ்டென்ட் என்கிற கம்பி வலைச் சுருள் வைத்துத் திறந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று பெரிய டாக்டர் தொடங்கி, மரியாவைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெயகரனை உள்ளே விட்டார்கள். பத்து நிமிஷம்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேற்றைய வெள்ளைச் சட்டையே இன்னும் உடம்பில் இருந்தது. திட்டப்போகிறார் என்று மெட்டில்டா எதிர்பார்த்தாள். இவ்வளவு நாளாக ஏன் மறைத்தாய் என்று கேட்பார்.

அவர் திட்டவில்லை. "எனக்குத் தெரியும் மெட்டி" என்றார்.

"என்ன தெரியும்?"

"தினம் நீ வர்ற நேரத்துக்கு மாடிப்படிகிட்ட வந்து எட்டிப் பாப்பேன். ரெண்டாம் மாடில கம்பியப் புடிச்சிட்டு, நெஞ்சில கை வச்சிட்டு நிப்பே. மொதல்ல ரெண்டு நிமிஷம். அப்புறம் நாலு நிமிஷம். நீ மேல பாக்கறதுக்குள்ள உள்ள போய் உக்காந்துருவேன், ஒண்ணுமே தெரியாத மாதிரி."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவேன்னு பயம்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடிக்க ஏதாவது துணி கிடைக்காதா என்று தேடுகிறவர் போலச் சுற்றிப் பார்த்தார்.

நேற்று நெஞ்சை அழுத்திய கல்லைவிட இது அவளைப் பயமுறுத்தியது. ஒரே மாடிப்படியில், பத்தொன்பது படி தூரத்தில், இரண்டு பேர் ஒரே சாவைப் பார்த்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் நின்றிருக்கிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கட்டில் வரை வந்திருக்க வேண்டியதில்லை. யாரும் திறக்காமலே போயிருந்தால், இந்நேரம் அவர் கல்லறைத் தோட்டத்தில், வேறு ஒரு கூட்டத்தின் நடுவில் இதே சட்டையோடு நின்றிருப்பார்.

அவள் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார், விரல்களை அழுத்தாமல், உள்ளங்கையை மட்டும்.

அவர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். அவள் முகத்தை நேராகப் பார்த்தார். கேட்பதற்கு அவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"இப்ப வலிக்குதா?"

இல்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மெட்டில்டா அதை விழுங்கினாள்.

"லேசா வலிக்குது. பயமாவும் இருக்கு."

ஒண்ணும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. எழுந்து போய் நர்ஸைக் கூட்டி வந்தார்.